பாணேர்க் குன்றுகளில் காட்டுத்தீ மேலாண்மை

புனே மாநகரின் மேற்கே, பாணேருக்கும் பாஷாணுக்கும் இடையே உள்ள குன்றுகளில் கோடைதோறும் பிடிக்கும் தீயைத் தடுக்கவும் அணைக்கவும் வனத்துறை, மாநகராட்சித் தீயணைப்புத் துறை, குடியிருப்பு மக்கள் ஆகியோர் சேர்ந்து செய்யும் பணி. மராத்தியில் காட்டுத்தீ 'வணவா', குன்று 'டேக்டி'. மழைக்காலத்தில் செழிக்கும் புல், தை மாசிக்குள் சருகாகிவிடும். அணைக்காத பீடித் துண்டு, குப்பைக்கு வைத்த நெருப்பு என மனிதர் கையிலிருந்தே பெரும்பாலும் தீ கிளம்புகிறது.

சிக்கலின் வேர் நிலத்தில் இருக்கிறது. ஒரே சரிவில் வனநிலமும் தனியார் நிலமும் அடுத்தடுத்து வரும்; 1997-இல் பாணேர் மாநகராட்சியோடு சேர்ந்ததால் அடிவாரத்து அடுக்குமாடிகள் மாநகராட்சிப் பொறுப்பு. எரியும் இடம் யாருடையது என்று கேட்டு நிற்பதற்குள் காற்று ஒரு சரிவையே தின்றுவிடும். அதனால் 1926 என்ற வனத்துறை உதவி எண்ணுக்கோ 101-க்கோ முதலில் அழைப்பவரின் பங்கு மிகப் பெரியது.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு மாநிலங்களுக்குத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. இப்போது பயன்படும் ஒரு கருவியில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 375 மீட்டர். பெருங்காடுகளுக்கு இது பெரும் உதவி. சிறு குன்றின் புல்தீயோ, செயற்கைக்கோள் மறுமுறை கடக்குமுன் எரிந்தே முடிந்துவிடலாம். இங்கே பால்கனியில் நிற்பவரின் கண்தான் விரைவானது.

தீயணைப்பு வண்டி சாலையோடு நின்றுவிடும். மேலே ஏறுவது ஆட்கள்தான். இலையோடு ஒடித்த பச்சைக் கிளையால் தீயின் விளிம்பை அடித்து, எரிந்து முடிந்த பக்கம் நோக்கித் தள்ளுவார்கள். ஓங்கி வீசினால் பொறி பறந்து புதுப் புல்லில் விழும். அழுத்தித் தேய்க்க வேண்டும். பழகாத தன்னார்வலரை மேலே அனுப்புவது ஆபத்து.

உதவுவது சட்டக் கடமையும்கூட. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, காட்டில் உரிமை பெற்றோர் தீயைப் பற்றித் தகவல் தரவும் அணைக்கத் துணைநிற்கவும் வேண்டும் என்கிறது. குன்றில் நடை போகும் நகரவாசி அந்த வரையறைக்குள் வருவதில்லை. அவரைச் சேர்ப்பது துறைகளின் முயற்சியில்தான் இருக்கிறது.

ஒருங்கிணைப்பின் அருமையைத் தமிழகம் 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் கண்டது. மலையேறச் சென்றவர்களில் 23 பேர் அத்தீக்குப் பலியானார்கள். வனத்துறை, தீயணைப்புத் துறை, காவல்துறை, விமானப்படை எல்லாம் மீட்பில் இறங்கின. ஊர் மக்களும் மலையேறிக் காயம்பட்டோரைச் சுமந்து இறக்கினார்கள்.

பாணேரில் தீர வேண்டிய வேலை கோடைக்கு முன்பே இருக்கிறது: புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவது. அந்தக் கோடு வனத்துறை எல்லைக்கல்லோடு நின்றுவிட்டால், பக்கத்து நிலத்துப் புல் திரியாகக் கிடக்கும்.