14-ஆம் நம்பர் பேசுகிறேன்...

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவு கொஞ்சம் நாறும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காரவும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். பிரிஸ்பேனிலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனால் சன்ஷைன் கோஸ்ட். பெயருக்கேற்ற மாதிரி வெயில், மணல், டூரிஸ்ட் கூட்டம். அந்தப் பகுதியில் மரூச்சி ஷயர் கவுன்சில் என்று ஒன்று இருந்தது. நம்மூர் நகராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் வருஷத் தொடக்கத்தில், தன் பாதாளச் சாக்கடைக்குப் புத்தம் புதுசாக கம்ப்யூட்டர் கட்டுப்பாடு போட்டு முடித்திருந்தார்கள்.

சாக்கடை பள்ளத்தைப் பார்த்துத் தானாக ஓடும். பள்ளத்தில் சேர்ந்ததை மேட்டுக்கு ஏற்றித் தள்ளப் பம்ப் வேண்டும். அப்படி அங்கே 142 பம்பிங் ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி. மத்திய கட்டுப்பாட்டு அறையிலிருந்து "பம்பைப் போடு", "நிறுத்து" என்று உத்தரவு வரும். ஏதாவது கோளாறு என்றால் பெட்டி "ஐயா, இங்கே பிரச்சனை" என்று அலாரம் அனுப்பும். போக வர எல்லாம் ரேடியோ வழியாக.

ஏன் ரேடியோ? 142 இடத்துக்கும் ரோட்டைத் தோண்டி கேபிள் போட்டால் கவுன்சில் திவாலாகிவிடும். அவ்வளவுதான் காரணம்.

புது சிஸ்டம் வேலையை ஆரம்பித்ததும் கூத்தும் ஆரம்பித்தது. ஓட வேண்டிய பம்ப் ஓடவில்லை. வர வேண்டிய அலாரம் வரவில்லை. சில ஸ்டேஷன்களோடு தொடர்பே அறுந்து போச்சு. புது மாப்பிள்ளை முறுக்கு மாதிரி, புது சிஸ்டம் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்கள். எதிலும் குறை தெரியவில்லை. கோளாறும் நிற்கவில்லை.

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகலாம். அந்த இன்ஜினியர்கள் ஏன் தங்கள் மெஷினையே சந்தேகப்பட்டார்கள், ஏன் வேறு எதையும் சந்தேகப்படவில்லை என்று புரிய வேண்டுமானால் தொழிற்சாலைகள் அதுவரை எப்படிப் பேசிக்கொண்டிருந்தன என்று தெரிய வேண்டும்.

ஆதியில் காற்றுதான். பாய்லரின் அழுத்தம், தொட்டியின் மட்டம், எதுவாக இருந்தாலும் மெல்லிய குழாயில் காற்றழுத்தமாக மாற்றி அனுப்புவார்கள். சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு என்றால் பூஜ்யம், 15 பவுண்டு என்றால் முழுசு. பின்னால் மின்சாரம் அந்த இடத்துக்கு வந்தபோது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்று ஆனது. தொட்டி காலி என்றால் 4, நிறைந்துவிட்டால் 20.

ஏன் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை? இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தொட்டி காலியாக இருந்தாலும் கம்பியில் 4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். சுத்தமாகப் பூஜ்யம் வந்தால் தொட்டி காலி இல்லை, கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். "ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கும், சொல்ல ஆளே இல்லை என்பதற்கும் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு எளிமை பாருங்கள். இன்றைக்கும் ஆலைகளில் இது செத்துப் போகவில்லை.

1980களின் நடுவில் அமெரிக்காவின் ரோஸ்மவுண்ட் கம்பெனி இந்த மின்னோட்டத்தின் முதுகிலேயே டிஜிட்டல் தகவலையும் ஏற்றி அனுப்ப வழி கண்டுபிடித்தது. 1200 ஹெர்ட்ஸ் ஓசை என்றால் 1, 2200 ஹெர்ட்ஸ் என்றால் 0. அலை மேலும் கீழும் சமமாக ஆடுவதால் அதன் சராசரி பூஜ்யம். பழைய அளவு கெடாது. ஹார்ட் என்று பெயர். ஏற்கெனவே போட்டிருந்த கோடிக்கணக்கான மீட்டர் கம்பியைப் பிடுங்காமலேயே எல்லாம் புதுசாகிவிட்டது. அதனால்தான் அது ஜெயித்தது என்பது என் கட்சி.

காற்றுக் குழாய், மில்லி ஆம்பியர், ஹார்ட் - இந்த மூன்றிலும் ஒரு விஷயம் யாரும் கேட்காமலேயே இலவசமாகக் கிடைத்தது. கட்டுப்பாட்டு அறையில் 7-ஆம் நம்பர் கம்பியில் ஒரு அளவு வந்தால், அது 7-ஆம் தொட்டியிலிருந்துதான் வருகிறது. கம்பியின் அந்த நுனி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொய் அளவு அனுப்ப வேண்டுமானால் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து, வாட்ச்மேனை ஏமாற்றி, கம்பியை அறுத்து ஒட்ட வேண்டும். அதனால் "நீ யாரப்பா?" என்று கேட்கும் பழக்கமே அந்தக் கருவிகளுக்கு இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

கம்பியை எடுத்துவிட்டு ரேடியோவை வைத்தார்கள். கூடவே அந்தப் பூட்டையும் கழற்றிவிட்டோம் என்று பல பேருக்கு உறைக்கவில்லை.

இத்தனைக்கும் இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. 1903 ஜூன் மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு கூட்டம். மேடையில் பேராசிரியர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங். தூரத்தில் கார்ன்வால் கடற்கரையில் மார்க்கோனி. குறிப்பிட்ட அலைவரிசைக்கு டியூன் செய்துவிட்டால் அடுத்தவன் குறுக்கே வர முடியாது என்று மார்க்கோனி கம்பெனி மார்தட்டிக்கொண்டிருந்த காலம். மார்க்கோனியின் செய்தி வருவதற்குள் கருவி தானாகத் தட்ட ஆரம்பித்தது: "எலிகள்... எலிகள்..." அப்புறம் மார்க்கோனியைக் கிண்டலடித்து ஒரு பாட்டு வேறு! நெவில் மாஸ்கலின் என்ற மேஜிக் நிபுணர் பக்கத்திலிருந்து சொந்த டிரான்ஸ்மிட்டரை வைத்துச் செய்த வேலை. ஃப்ளெமிங் கொதித்துப் போய் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மாஸ்கலின் "நான்தான்" என்று கூலாக ஒப்புக்கொண்டார். ஊர் சிரித்தது. ஆனால் பாடம் யார் மண்டையிலும் ஏறியதாகத் தெரியவில்லை. ஒரு வேளை அதைச் சொன்னவர் மேஜிக்காரர் என்பதாலோ என்னவோ!

சரி, மறுபடி மரூச்சிக்கு.

கட்டுப்பாட்டு சிஸ்டத்தைப் பொருத்திக் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் ஒருவர், ரேடியோவில் போகிற வருகிற எல்லாவற்றையும் பதிவு செய்ய ஆரம்பித்தார். இதுதான் திருப்புமுனை. மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டார். குழப்பம் செய்த உத்தரவுகள் எல்லாம் "14-ஆம் நம்பர் பேசுகிறேன்" என்றுதான் வந்துகொண்டிருந்தன. நேரே 14-ஆம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தார். அங்கிருந்த பெட்டி பச்சைப் பிள்ளை மாதிரி ஒழுங்காக இருந்தது.

அடுத்து அவர் செய்த காரியத்துக்கு ஒரு சபாஷ் போடலாம். 14-ஆம் ஸ்டேஷனின் அடையாள எண்ணை 3 என்று மாற்றிவிட்டார். இனிமேல் உண்மையான 14 "நான் 3" என்றுதான் சொல்லும். அதற்கப்புறமும் "14 பேசுகிறேன்" என்று ஒரு குரல் வந்தால்? வந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்ததெல்லாம் போய், எங்கேயோ ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு விளையாடுகிறான் என்று உறுதியாகிவிட்டது. 14-ஆம் நம்பரை ஒதுக்கிவைத்தார்கள். அந்த ஆள் வேறு ஸ்டேஷனின் நம்பரைச் சொல்லிக்கொண்டு மறுபடி வந்தான்.

ஏப்ரல் 23, 2000. இரவில் நான்கு ஸ்டேஷன்களின் அலாரம் அணைக்கப்பட்டது. அன்று இரவே போலீஸ் ஒரு காரை மடக்கியது. உள்ளே ஒரு லேப்டாப், ஒரு டூ-வே ரேடியோ, பம்பிங் ஸ்டேஷன்களில் இருப்பது போலவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஒரு பம்பிங் ஸ்டேஷனையே காரில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார் மனுஷன்!

அவர் பெயர் விடெக் போடன். சிஸ்டத்தைப் பொருத்திய அதே கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக இருந்தவர். 1999 டிசம்பரில் வேலையை விட்டார். கவுன்சிலிடம் போய் வேலை கேட்டார், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். 2000 ஜனவரியில் மறுபடி கேட்டார், இல்லை என்றுவிட்டார்கள். பிப்ரவரியில் கோளாறு ஆரம்பம். மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

குறைந்தது 46 தடவை கள்ள உத்தரவு அனுப்பியிருந்தார் என்று கணக்கு. எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு நட்சத்திர ஹோட்டல் வளாகத்திலும் பாய்ந்தது. பெரிய தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் பிடிக்கும் என்றால் 66 லாரி சாக்கடை! ஓடை கறுத்துப் போய் மீன்கள் செத்தன. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் நாற்றத்தில் தவித்தார்கள். அவர்களுக்கும் போடனின் வேலைக்கும் என்ன சம்பந்தம்? 2001 அக்டோபரில் போடனுக்கு இரண்டு வருஷ ஜெயில். 2002-ல் அப்பீல் போனார், தண்டனை குறையவில்லை.

இதைப் பற்றி எழுதுகிற பலரும் போடனைப் பெரிய ஹேக்கர் மாதிரி காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. உடைக்கிற மாதிரி பூட்டு ஒன்றும் இல்லை. சரியான ரேடியோ, சரியான பெட்டி, ஒரு நம்பர். அதைச் சொன்னால் சிஸ்டம் "வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வருகிற மாதிரிதான்.

மரூச்சி நடந்த அதே சமயத்தில் அமெரிக்காவில் வேறு ஒரு கூட்டம் வயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரிஸ் பிஸ்டர், தூசி அளவுக்கு சென்சார் செய்து தூவிவிடலாம் என்று 1990களின் கடைசியில் கனவு கண்டார். தூசி அளவு வரவில்லை. ஆனால் பேட்டரியிலேயே வருஷக்கணக்கில் ஓடி, ஒன்றின் தகவலை இன்னொன்று கைமாற்றிக் கொடுக்கும் குட்டி ரேடியோக்கள் வந்தன. 2002-ல் டஸ்ட் நெட்வொர்க்ஸ் என்று கம்பெனி ஆரம்பித்தார். அவர்களுடைய நுட்பத்தை அடிப்படையாக வைத்து 2007-ல் வயர்லெஸ்ஹார்ட் வந்தது. பழைய கம்பி ஹார்ட்டின் பிள்ளை. 2010-ல் சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது.

இரும்புக் குழாயும் தொட்டியும் நிறைந்த ஆலையில் ரேடியோ அலை எங்கெங்கோ மோதித் தெறிக்கும். அதனால் நேரத்தை 10 மில்லி செகண்ட் துண்டுகளாக நறுக்கி, இந்தத் துண்டில் நீ பேசு, அடுத்ததில் அவன் என்று முறை வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சேனலை மாற்றித் தாவவும் வைத்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 15 சேனல். ஒன்று அடைபட்டால் இன்னொன்று.

எனக்கு முக்கியமாகப் படுவது அது இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் 128 பிட் சாவி வைத்துக் கணக்கிட்ட ஒரு முத்திரை உண்டு. சாவி இல்லாதவன் "14 பேசுகிறேன்" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் முத்திரை பொருந்தாது, குப்பைக்குப் போய்விடும். நேற்று வந்த நல்ல செய்தியைப் பதிவு செய்து வைத்து இன்று அப்படியே திருப்பி அனுப்பினாலும் செல்லாது. ஏனென்றால் முத்திரைக்கான கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு எண்ணும் சேர்ந்திருக்கிறது. சரி, முதல் சாவியைக் கருவிக்கு எப்படிக் கொடுப்பது? காற்றில் அனுப்பினால் எவனாவது கேட்பானே! டெக்னீஷியன் கருவியின் பக்கத்தில் போய் நின்று, மெயின்டனன்ஸ் போர்ட்டில் வயரைச் செருகி ஏற்ற வேண்டும். வயர்லெஸ் கருவியின் நம்பிக்கை ஒரு வயரில்தான் ஆரம்பிக்கிறது. :-)

(2009-ல் ஐ.எஸ்.ஏ.100 என்று போட்டித் தரம் ஒன்று வந்தது. இரண்டுக்கும் ஒரே மாதிரி ரேடியோ, ஆனால் ஒன்றோடு ஒன்று பேசாது. பங்காளிச் சண்டை. அதை எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது.)

புது ஆலைகள் இப்படித் தப்பித்தன. பழசு எல்லாம் அப்படியே இருக்கிறதே? 2017 ஏப்ரல் 7, நள்ளிரவு நெருங்கும் நேரம். டெக்சஸின் டல்லஸ் நகரத்தில் புயல் எச்சரிக்கைக்காக வைத்திருந்த 156 சைரன்களும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன. நிற்கும், மறுபடி அலறும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அவசர போலீஸ் நம்பருக்கு 4,000-க்கும் மேல் அழைப்புகள். அன்று நிஜமாகவே நெஞ்சு வலி வந்தவர் எத்தனை நேரம் லைனில் காத்திருந்தாரோ! யாரோ ரேடியோவில் சரியான ஓசைக் குறியீட்டை அனுப்பியிருந்தார்கள். அதற்கப்புறம்தான் நகராட்சி அதில் ரகசியக் குறியாக்கத்தைச் சேர்த்தது.

2023 ஆகஸ்டில் போலந்து. வடமேற்கில் ஷெட்சின் நகரத்தைச் சுற்றி இருபது ரயில்கள் போல நட்டநடு வழியில் நின்றன. அந்த ஊர் ரயில்வேயில் "ரேடியோ ஸ்டாப்" என்று ஒரு ஏற்பாடு. 150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மூன்று ஓசைகளை வரிசையாக அனுப்பினால் கேட்கும் தூரத்தில் உள்ள ரயில் எல்லாம் பிரேக் போட்டு நிற்கும். சாவி கிடையாது, முத்திரை கிடையாது.

இதை மட்டும் முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தண்டவாளத்தில் லாரி குறுக்கே நிற்கிறது, ரயில் வருகிறது. அந்த நேரத்தில் டிரைவரோ ஸ்டேஷன் மாஸ்டரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிரே. சாக்கடைப் பம்பைக் கண்டவனும் நிறுத்தக்கூடாது. ரயிலை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த முடியாமல் போகவும் கூடாது. அங்கே யாருக்கும் காயமில்லை. ரயில்கள் தாமதமானதோடு சரி. இரண்டொரு நாளில் நாட்டின் இன்னொரு கோடியில், பியாலிஸ்டாக் நகரத்தில், இரண்டு பேரைப் போலீஸ் பிடித்தது. அவர்களிடமிருந்து கைப்பற்றியது ரேடியோ கருவிகள்.