பாலிகஞ்ச் 1971: ஒலிபரப்பியின் விசை யார் கையில்?

தகவல் தொழில்நுட்பம் நாடுகளின் அதிகாரச் சமநிலையை மாற்றுவது இணையத்தோடு தொடங்கியதன்று. கல்கத்தாவின் பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில், 57/8 எண்ணிட்ட வீட்டில், 1971 மே 25 முதல் இயங்கிய வானொலி நிலையம் அதற்கு ஒரு முன்சான்று.

‘சுவாதீன் பங்களா பேதார் கேந்திரா’ எனப்பட்ட சுதந்திர வங்க வானொலி, அவ்வாண்டு மார்ச் 26 அன்று சிட்டகாங் அருகே காலுர்காட்டில் பிறந்தது. மறுநாள் மேஜர் ஜியாவுர் ரஹ்மான், ஷேக் முஜிபுர் ரஹ்மானின் பெயரால் விடுதலைப் பிரகடனத்தை அங்கிருந்து வாசித்தார். மார்ச் 30 அன்று பாகிஸ்தான் விமானப்படை அந்நிலையத்தின்மீது குண்டு வீசியது. ஓர் ஒலிபரப்பியை அழிக்கப் போர் விமானங்களை அனுப்பும் அளவுக்கு அக்குரல் அரசை அச்சுறுத்தியிருந்தது.

சில வாரங்கள் திரிபுரா எல்லைப் பகுதியிலிருந்து ஒலித்தபின் நிலையம் பாலிகஞ்சுக்கு இடம்பெயர்ந்தது. இந்தியா வழங்கிய 50 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி அதன் வீச்சைப் பன்மடங்கு பெருக்கியது.

வீச்சைப் போலவே மொழித்தேர்வும் முக்கியமானது. எம்.ஆர். அக்தர் முகுல் எழுதி வாசித்த ‘சரம்பத்ரா’ (இறுதி எச்சரிக்கை) நிகழ்ச்சி, வானொலிக்கு உரியதெனக் கருதப்பட்ட திருந்திய வங்கமொழியை விடுத்து, டாக்காவின் பேச்சுவழக்கில் பாகிஸ்தான் படையை எள்ளி நகையாடியது. டிசம்பர் 16, படை சரணடைந்த நாள்வரை அது தொடர்ந்தது. செய்தியறிக்கைத் தமிழுக்கும் திண்ணைப் பேச்சுக்கும் உள்ள தொலைவை அறிந்தவர்க்கு, இத்தேர்வு கேட்போரை எவ்வளவு நெருங்கியிருக்கும் என்பது எளிதில் விளங்கும்.

ஆயினும் அந்த விடுதலைக் குரலின் விசை இன்னோர் அரசின் கையில் இருந்தது. இந்தியாவின் நலனும் வங்க மக்களின் வேட்கையும் அன்று ஒரே திசையில் சென்றன. அவை முரண்பட்டிருந்தால் அந்த 50 கிலோவாட் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அவ்வாறு பிறந்த நாடே 2024 ஜூலை 18 இரவு, மாணவர் போராட்டத்தின் நடுவே, தன் குடிமக்களின் இணையத்தை முற்றிலும் துண்டித்தது. எல்லைக்கு அப்பாலிருந்த வானொலியை 1971இல் பாகிஸ்தானால் அணைக்க இயலவில்லை. தன் எல்லைக்குள் இருந்த இணைய வாயில்களை டாக்காவால் அணைக்க முடிந்தது. ஆனால் அத்துண்டிப்பு ஆட்சியைக் காக்கவில்லை. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார்.

எனவே தொழில்நுட்பத்தையும் அதிகாரத்தையும் ஒருசேர ஆராய்வோர் செய்தியின் வேகத்தையும் வீச்சையும் அளப்பதோடு நின்றுவிடலாகாது. அதன் விசை எந்த மண்ணில், யாருடைய சட்டத்தின்கீழ் இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.