பொன் வானின் கீழ் ஓர் ஊதாக் காடு

காடு என்றால் பச்சை, பாறை என்றால் கருமை, வானம் என்றால் நீலம் என்றே நம் கண்கள் பழகிவிட்டன. ஊதாப் பாறைகளும் இளஞ்சிவப்புக் குன்றுகளும் பொன் பூசிய வானமும் கொண்ட ஒரு காட்டை எவரேனும் தீட்டிக் காட்டினால், இக்காலத்துப் புதுமை ஓவியம் என்று சொல்லிக் கடந்துவிடுவோம். கனவுலகைத் தீட்டப் புறப்பட்ட சர்ரியலிச இயக்கம் பாரிஸ் மாநகரில் தன் அறிக்கையை வெளியிட்டது 1924-ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே ஈரானின் தப்ரீஸ் நகரில் ஒரு முஸ்லிம் ஓவியர் அத்தகைய காடொன்றைத் தீட்டி முடித்திருந்தார். நம்மில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவோம்?

முஸ்லிம்களுக்கு ஓவியத்தோடு என்ன உறவு என்று கேட்போர் உண்டு. உயிருள்ளவற்றை வரைவது பற்றி மார்க்க அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கின்றனர். அந்த விவாதத்துள் நாம் இங்குப் புகவில்லை. ஆனால், தம்மிடம் வந்த ஓர் ஓவியரிடம், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிய செய்தி நாம் அறிந்ததே. 715-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற திமிஷ்க் பெரிய பள்ளிவாசலின் சுவர்களில் மனித உருவம் ஒன்றுமில்லை. பொன் பின்னணியில் மரங்களும் மாளிகைகளும் ஆறும் கண்ணாடிச் சில்லுகளால் பதிக்கப்பட்டுள்ளன. மரத்தை வரையும் மரபு நமக்கு அத்துணைப் பழையது. பிற்காலத்தில் அரசவைகள் அந்தக் காட்டுக்குள் மனிதரையும் விலங்குகளையும் அழைத்து வந்தன.

அவ்வாறு எழுந்ததே ஷா தஹ்மாஸ்பின் ஷாநாமா. மகாகவி பிர்தௌஸி 1010-ஆம் ஆண்டில் முடித்த காவியத்துக்கு ஸஃபவி அரசவையில் 1520-களில் தொடங்கி உருவாக்கப்பட்ட படப்பிரதி அது. ஓவியங்கள் மட்டுமே 258. அவற்றுள் தலையாயது ‘கயூமர்ஸின் அவை’. தீட்டியவர் சுல்தான் முஹம்மத். இது கண்டு வல்லமை மிக்க ஓவியரும் நாணித் தலைகுனிந்தனர் என்று தோஸ்த் முஹம்மத் 1544-இல் எழுதிய முன்னுரையில் புகழ்கிறார்.

உலகின் முதல் அரசராகக் காவியம் கூறும் கயூமர்ஸ், மலையுச்சியில் அமர்ந்திருக்கிறார். சூழ்ந்திருக்கும் மக்கள் அணிந்திருப்பது விலங்குத் தோல். கொடிய விலங்குகளும் பகை மறந்து சாதுவாய் இருக்கின்றன. ஆயினும் நம் கண்ணைப் பறிப்பது அந்த நிலமே! நீலமும் ஊதாவும் பச்சையுமாகப் பாறைகள் பவளத்திட்டுகள் போலத் திரண்டு எழுகின்றன. மரக்கிளைகள் ஓவியத்தின் சட்டத்தையும் தாண்டி ஓரத்தாளுக்குள் நீள்கின்றன. உற்று நோக்கினால் அந்தப் பாறைகளுக்குள்ளேயே மனித முகங்களும் விலங்கு முகங்களும் ஒளிந்திருக்கக் காண்கிறோம். அவசரமாகப் பார்ப்பவனுக்குக் கல். பொறுமையாகப் பார்ப்பவனுக்கு முகம்.

இந்நிறங்கள் மண்ணிலிருந்தே பிறந்தவை. பாரசீக ஓவியரின் ஆழ்ந்த நீலம் பதக்‌ஷான் மலைகளின் லாஜவர்த் கல்லை அரைத்துக் கழுவி எடுத்தது. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், வானத்துக்கும் ஒளிக்கும் பொன் துகள். தாளைக் கல்லால் தேய்த்து மெருகேற்றி, அணில் முடியும் பூனை முடியும் கட்டிய நுண்தூரிகையால் புள்ளி புள்ளியாய் இழைத்தனர். வெள்ளியால் தீட்டிய ஓடைகள் பல காலப்போக்கில் கறுத்துவிட்டன. பொன் மட்டும் இன்றும் மங்கவில்லை.

கயூமர்ஸின் முகத்தில் ஒரு துயரச் சாயல் உண்டு. அவருடைய அருமை மகன் ஸியாமக் அரக்கனால் கொல்லப்படப் போகிறான். பேரன் ஹோஷங் பழிதீர்த்து அரசேறுவான். அடுத்தடுத்த ஏடுகளைப் புரட்டியவர்க்கே அந்தத் துயரம் விளங்கும். இன்றோ புரட்டுவதற்கு நூல் இல்லை!

1568-இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் ஸலீமுக்கு ஷா தஹ்மாஸ்ப் இதனை முழு நூலாகவே பரிசளித்தார். இருவரும் போட்டி அரசுகளின் தலைவர்கள். இருந்தும் நூல் நூலாகவே கைமாறியது. 1903-க்குள் பாரிஸின் ரோத்ஸ்சைல்டு குடும்பத்தை அடைந்தபோதும் அது சிதையவில்லை. 1959-இல் அதை வாங்கிய அமெரிக்கச் செல்வர் ஆர்தர் ஹௌட்டன் ஏடுகளைத் தனித்தனியே பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. பல 1976 முதல் விற்பனைக்கு வந்தன. அவர் மறைவுக்குப் பின், 1994-இல், எஞ்சிய 118 ஓவியங்கள் டி கூனிங் என்பாரின் நவீன ஓவியம் ஒன்றுக்கு மாற்றாக ஈரானுக்குத் திரும்பின.

இன்று கயூமர்ஸின் அவை கனடாவில், டொரன்டோ நகரின் ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூலில் அதற்கு இரண்டு ஏடுகள் தள்ளி இருந்த ‘ஸதா விருந்து’, நெருப்பைக் கண்டறிந்த பேரன் ஹோஷங்கின் மகிழ்ச்சி, நியூயார்க்கில் இருக்கிறது. பாட்டனும் பேரனும் இரு நாடுகளில்! தாத்தாவின் கவலையைக் காண்பவர் பேரனின் வெற்றியைக் காண்பதில்லை.

சிதறிய ஏடுகள் நல்ல முறையில் பேணப்படுகின்றன என்பது ஆறுதலே. ஆனால், நூலைக் காப்பது வேறு, ஏட்டைக் காப்பது வேறு. போர்களையும் பேரரசுகளின் வீழ்ச்சியையும் கடந்து 400 ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஒரு காட்டை, பகைவரின் வாள் வெட்டவில்லை; அதன் அழகை விரும்பி வாங்கிய கையே பிரித்தது. அழகை நேசிப்பது மட்டும் போதாது. அதன் முழுமையையும் மதிக்க வேண்டும் என்பதை அந்த ஊதாப் பாறைகளில் ஒளிந்திருக்கும் முகங்கள் நமக்குச் சொல்கின்றன.