ஸ்பானியர் என்போர் யார்?

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மறைப்பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியாரை ஸ்பெயின் நாட்டவர் என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அவரோ 1544-ஆம் ஆண்டு கொச்சியிலிருந்து உரோமையிலிருந்த தம் தோழர்களுக்கு எழுதிய மடலில், கடற்கரை மக்களின் மொழி 'மலபார்' என்றும், தமது மொழி பாஸ்க் என்றும், ஆகவே ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை என்றும் குறிப்பிடுகிறார். தமிழைத்தான் போர்த்துக்கீசியர் அந்நாளில் 'மலபார்' என்றனர். இன்று உலகம் 'ஸ்பானிய மொழி' என்று அறிந்திருக்கும் கஸ்தீலிய மொழியைச் சவேரியார் தம் மொழியாக அங்கே சொல்லவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அவர் 1506-இல் பிறந்தபோது அவரது நாடாகிய நவார் தனியொரு முடியரசு. 1512-இல் கஸ்தீலை ஆண்ட பெர்டினாண்டு மன்னரின் படைகள் அதனைக் கைப்பற்றின. 1516-இல் சவேரியார் குடும்பத்துக் கோட்டையின் அரண்களும் கோபுரங்களும் அரச ஆணைப்படி இடிக்கப்பட்டன; சிறுவனுக்கு அப்போது வயது பத்து. நவாரை மீட்கப் போராடியவர்களுள் அவருடைய அண்ணன்மார் இருவரும் இருந்தனர். 1521-இல் பிரெஞ்சுக்காரரும் நவார் வீரரும் பாம்ப்லோனா நகரை முற்றுகையிட்டபோது, கஸ்தீலின் சார்பில் கோட்டையைக் காத்து நின்று, பீரங்கிக் குண்டால் கால் முறிந்து வீழ்ந்த வீரர்தான் லொயோலா இஞ்ஞாசியார். அவரும் பாஸ்க் இனத்தவரே! எதிரெதிர் அணிகளைச் சார்ந்த இவ்விருவரும் 1529-இல் பாரீசில் ஒரே அறையில் மாணவராய்த் தங்கினர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின் ஸ்பானியர் என்போர் யார்? பழங்காலத்திலிருந்தே இக்கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. அல்தமிரா குகைச் சுவர்களில் காட்டெருமைகளைத் தீட்டியோரின் பெயரை நாம் அறியோம். வரலாறு அறிந்த காலத்தில் கிழக்கிலும் தெற்கிலும் இபேரியர், நடுவிலும் வடமேற்கிலும் கெல்தியர், பிரனீசு மலையடிவாரத்தில் பாஸ்க் மக்களின் மூதாதையர் எனப் பல இனத்தார் வாழ்ந்தனர். பாஸ்க் மொழிக்கு உலகில் இன்றுள்ள எம்மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. பினீசியர் வணிகத்திற்காக வந்து, இன்று காடிசு எனப்படும் துறைமுகத்தை அமைத்தனர். கிரேக்கரும் கார்த்தேசினரும் தொடர்ந்தனர். உரோமையர் கி.மு. 218-இல் கால் வைத்தனர். நாடு முழுவதையும் அடக்கக் கி.மு. 19 வரை ஆயிற்று. இருநூறு ஆண்டுகள் எதிர்த்து நின்ற மக்கள், பின்னர் செனெக்காவையும் திராயான் பேரரசரையும் உரோமைக்கே அளித்தனர். உரோமையர் மடலின் 15-ஆம் அதிகாரத்தில் ஸ்பெயினுக்குச் செல்லத் தாம் கொண்ட விருப்பத்தைத் தூய பவுல் இருமுறை தெரிவிப்பதை நம் வாசகர்கள் அறிவர்.

உரோமை தளர்ந்தபின் விசிகோத்தியர் ஆண்டனர். ஆரியு கொள்கையைப் பின்பற்றிய அவர்கள் 589-இல் கூடிய மூன்றாம் டொலேடோ சங்கத்தில் கத்தோலிக்க மறையை ஏற்றனர். 'ஓர் அரசு, ஒரு மறை' என்னும் எண்ணம் அங்கே வேர்கொண்டது. யூதருக்கு எதிரான விதிகளும் அதே சங்கத்தில் இயற்றப்பட்டன. அவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் பிறந்த உடன்பிறப்புகள் என்றே எமக்குத் தோன்றுகிறது.

711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து இசுலாமியப் படைகள் கடல் கடந்து வந்தன. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் கோர்டோபா மேற்கு ஐரோப்பாவின் பெருநகராயிற்று. நெல்லும் கரும்பும் பருத்தியும் பயிராயின. நம் நாட்டில் தோன்றி அரேபியர் வழியே சென்ற எண் குறிகள், 976-இல் அல்பெல்டா என்னும் துறவு மடத்தில் கிறித்தவத் துறவி ஒருவரால் இலத்தீன் ஏட்டில் எழுதப்பட்டன. ஐரோப்பிய இலத்தீன் ஏடுகளுள் அவை காணப்படும் மிகப் பழைய ஏடு அதுவே. 1085-இல் டொலேடோ கிறித்தவர் கைக்கு மீண்டபின், அங்கே கிறித்தவரும் யூதரும் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தனர். கோர்டோபாவைச் சேர்ந்த இசுலாமிய அறிஞர் அவெரோசு அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய உரைகளைப் பயின்ற புனித தோமா அக்குவினார், அவரைப் பெரும்பாலும் 'உரையாசிரியர்' என்றே குறிப்பிடுகிறார். தொல்காப்பியத்திற்கு முதல் உரை கண்ட இளம்பூரணரை நாம் அழைப்பதும் அவ்வாறுதானே?

எனினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றி விட்டுவிடுவதும் பொருந்தாது. 1066-இல் கிரனாடாவில் இசுலாமியக் கும்பல் யூதரைக் கொன்றது. மாமேதை மைமோனிடிசின் குடும்பம் அல்மொகாது ஆட்சியாளரின் கெடுபிடிக்கு அஞ்சிக் கோர்டோபாவை விட்டு ஓடியது. 1391-இல் செவில்லாவில் கிறித்தவர் தொடங்கிய யூதப் படுகொலை நகர் நகராகப் பரவியது. உயிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான யூதர் திருமுழுக்குப் பெற்றனர். திருமுழுக்குப் பெற்ற பின்னரும் அவர்களை விடவில்லை. 1449-இல் டொலேடோ நகரம், யூத வழிவந்த கிறித்தவர் எவரும் நகரப் பதவி வகிக்கலாகாது என்று விதித்தது. 'இரத்தத் தூய்மை' என்பது இவ்விதிகளுக்கு வழங்கிய பெயர். திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாசு அதே ஆண்டில் அதனைக் கண்டித்தார். திருமுழுக்குப் பெற்றவருள் பழையவர், புதியவர் என்ற வேற்றுமை இல்லை என்பதே அவர் வாதம். ஆனால் அவர் சொல் அங்கே எடுபடவில்லை. குலம் பார்க்கும் வழக்கம் ஆலயத்திற்குள் நுழைந்தால் அதனை வெளியேற்றுவது எத்துணை அரிது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1492, சனவரி 2-இல் கிரனாடா வீழ்ந்தது. மார்ச் 31-இல், திருமுழுக்குப் பெறாத யூதர் அனைவரும் சூலை முடிவுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமென்று பெர்டினாண்டும் இசபெல்லாவும் ஆணையிட்டனர். ஆகஸ்ட் 3-இல் கொலம்பஸ் கப்பலேறினார். வெளியேறியோர் போர்த்துக்கல்லிலும் மொரோக்கோவிலும் துருக்கியப் பேரரசிலும் குடியேறினர். சலோனிக்கா நகரின் யூதர், துரத்திய நாட்டின் மொழியையே இருபதாம் நூற்றாண்டு வரை வீட்டில் பேசி வந்தனர்.

எஞ்சியிருந்தோர் நிலை என்ன? 1485-இல் திருமறை விசாரணை மன்றத்தின் தண்டனை பெற்று, பழிச்சின்ன உடை அணிந்து டொலேடோவின் கோவில் கோவிலாக நடந்தவர் ஒருவர் பின்னர் அவிலா நகருக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய பேத்திதான் அவிலா புனித தெரேசாள். யூத வழிவந்தவரை இஞ்ஞாசியார் தம் சபையில் தயக்கமின்றிச் சேர்த்தார்; அவருக்குப்பின் சபைத் தலைவரான லாயினெசு அவ்வழியினரே. ஆயினும் 1593-இல் இயேசு சபையும் அவர்களுக்குக் கதவடைத்தது. அத்தடை முழுமையாக நீங்கியது 1946-இல்! 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றித் தமிழுக்கு அச்சுக்கலை தந்த அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கீசியர். எனவே இக்கதையில் அவர் சேரார் என்று ஒதுக்கலாம். ஆனால் அவரும் யூத வழிவந்தவர் என்பதையும், பிரான்சிஸ்கு சபை அக்காரணத்தால் அவரை வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லாமல் விட எமக்கு மனம் வரவில்லை.

1609 முதல் 1614 வரை, இசுலாமிய வழிவந்து கிறித்தவராக்கப்பட்ட மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டனர். வலென்சியாப் பகுதியில் வயல்கள் உழுவாரின்றிக் கிடந்தன.

அமெரிக்காவில் ஸ்பானியர் ஆற்றிய கொடுமை உலகறிந்தது. அக்கொடுமைக்கு எதிராக 1511-இல் முதலில் மறையுரையாற்றிய மொந்தெசினோசு, பழங்குடியினருக்காக வாழ்நாள் முழுதும் வழக்காடிய லாஸ் காசாஸ், மன்னருக்கு அவர்தம் நிலத்தின்மேல் இயல்பான உரிமை இல்லை என்று சாலமாங்காவில் கற்பித்த வித்தோரியா ஆகிய மூவரும் ஸ்பானியரே, தோமினிக்கன் துறவியரே. பொத்தோசியின் வெள்ளி கப்பல் கப்பலாக வந்தும் 1557-இல் அரசு கடனைத் திருப்பித் தர இயலாது நின்றது. பின்னைய சரிவை விரிக்க வேண்டா. 1808-இல் நெப்போலியன் படையெடுப்பு; 1834-இல் விசாரணை மன்றத்தின் இறுதி முடிவு; 1898-இல் கியூபாவும் பிலிப்பைன்சும் கைவிட்டுப் போயின.

1936-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றோர் கையால் 13 ஆயர்கள், 4,000-க்கும் மேற்பட்ட மறைமாவட்டக் குருக்கள், 2,300-க்கும் மேற்பட்ட ஆண் துறவியர், 283 அருட்சகோதரியர் மாண்டனர். அவர்களுள் பலரைத் திருச்சபை மறைச்சாட்சிகளாக வணங்குகிறது, அது தகும். பிராங்கோவின் அணியினர் சுட்டுக்கொன்ற பாஸ்க் குருக்களைப் பற்றி நாம் குறைவாகவே கேள்விப்பட்டிருக்கிறோம். 1936-இல் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு இறந்தனர். 1937 சூலையில் ஆயர்கள் பிராங்கோவின் அணியை ஆதரித்துக் கூட்டு மடல் வெளியிட்டபோது, தரகோனா கர்தினால் விடால் இ பராக்கெர் கையொப்பமிடவில்லை. அவரைப் பிராங்கோ நாட்டிற்குள் திரும்ப விடவில்லை. 1943-இல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

பிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் பாஸ்க்கும் கத்தலானும் ஒடுக்கப்பட்டன. 1971 செப்டம்பரில் ஆயரும் குருக்களும் மாட்ரிடில் ஒன்றுகூடியபோது, போரில் பிளவுண்ட மக்களிடையே ஒப்புரவின் பணியாளராய் இருக்கத் தவறியதற்கு மன்னிப்புக் கோரும் தீர்மானம் ஒன்று வந்தது. பெரும்பான்மையோர் ஆதரித்தும், வேண்டிய மூன்றில் இரு பங்கு வாக்குகள் கிட்டாமல் அது நிறைவேறவில்லை. பிராங்கோ 1975-இல் இறந்தார். 1978-இன் அரசியலமைப்பு, அரசுக்கென மறை எதுவும் இல்லை என்றது. நாடு பிளவுபடாத ஒன்று என்றும், அதனுள் பல தேசிய இனங்கள் உண்டு என்றும் ஒரே விதியில் கூறியது. அடுத்த ஆண்டு பாஸ்க் மாநிலத்தில் சவேரியாரின் மொழி ஆட்சிமொழியாயிற்று. விடுதலையின் பெயரால் 800-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற எட்டா இயக்கம் 2018-இல்தான் கலைந்தது. கத்தலோனியாவின் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

1492-இன் ஆணை செல்லாது என்று 1968-இல் அரசு அறிவித்தது. அன்று துரத்தப்பட்ட யூதரின் வழித்தோன்றல்கள் குடியுரிமை பெறலாம் என 2015-இல் சட்டம் வந்தது. நான்கே ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். திருமுழுக்குப் பெற்றிருந்தும் துரத்தப்பட்ட மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. அவர்கள் வட ஆப்பிரிக்காவில் இருக்கின்றனர். துனீசியாவின் தெஸ்தூர் நகரை எழுப்பியோர் அவர்தம் முன்னோரே. அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் கோபுரத்தை இன்றும் காணலாம். ஸ்பெயினில் விட்டு வந்த ஆலயக் கோபுரங்களின் சாயலில் கட்டி, அதில் ஒரு கடிகாரத்தையும் பதித்திருக்கிறார்கள்.