ஸுஃப்தஜாவும் ஹவாலாவும்: செய்தி சென்ற வழி

மக்காவில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள், அங்குள்ள சிலரிடம் திர்ஹங்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். கடிதம் கொண்டு சென்றோர் அங்கே தம் பணத்தைப் பெற்றுக்கொள்வர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் இதுபற்றி வினவப்பட்டபோது அவர்கள் இதில் குற்றம் காணவில்லை என்று தாபிஈன்களில் ஒருவரான அதா (ரஹ்) வழியாக அறிவிக்கப்படுகிறது. மக்காவுக்கும் இராக்குக்கும் இடைப்பட்ட பாலைவனத்தைப் பணம் கடக்கவில்லை. செய்தி மட்டுமே கடந்தது.

இம்முறையைப் பிற்கால ஃபிக்ஹு நூல்கள் 'ஸுஃப்தஜா' என்னும் பாரசீகப் பெயரால் குறிக்கின்றன. ஓரிடத்தில் கொடுத்த கடனை வேறோர் இடத்தில் பெறுவது ஸுஃப்தஜா. ஒருவர் மீதுள்ள கடனை மற்றொருவர் மீது மாற்றுவது ஹவாலா. நம்மவர் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் அறிஞர்கள், நிபந்தனையிட்டுச் செய்யும் ஸுஃப்தஜாவை ஏற்கவில்லை. கடன் கொடுத்தவர் வழிப்பயணத்தின் ஆபத்திலிருந்து தப்பும் பயனை அடைகிறார். கடனால் வரும் பயன் வட்டியின் சாயல் கொண்டது என்பது அவர்கள் வாதம். இருதரப்புக்கும் நன்மை உண்டு, எவருக்கும் தீங்கில்லை என்று கூறி இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) இதனை அனுமதித்தார்கள். வழியின் ஆபத்துக்கும் ஒரு விலை உண்டென்பதை இரு சாராருமே உணர்ந்திருந்தனர் என்பது நம் கவனத்துக்குரியது.

ஆயினும் ஆபத்து முற்றாக ஒழியவில்லை. பணத்திடமிருந்து செய்தியிடம் மாறிற்று. கடிதம் தாமதித்தால் பணம் தரவேண்டியவர் இறந்துவிடலாம், நொடித்துப் போகலாம். கெய்ரோவின் பழைய நகரான ஃபுஸ்தாத்தில், யூதர்களின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் கிடைத்த கெனீஸா ஏடுகள் இதற்குச் சான்று பகர்கின்றன. அவற்றிலுள்ள வணிகக் கடிதங்கள் பெரும்பாலும் அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டவை. அவற்றை ஆராய்ந்த எஸ்.டி. கொய்தைன், ஸுஃப்தஜாவின் தொகையைக் கொடுக்கத் தாமதித்தவர் ஒவ்வொரு நாளுக்கும் தண்டத்தொகை செலுத்த நேர்ந்ததை எடுத்துக்காட்டியுள்ளார்.

செய்தி தவறாது சேர வணிகர் கண்ட உபாயம் எளியது. ஒரே கடிதத்தைப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று சேரும். அடுத்த கடிதத்தின் தொடக்கத்தில், முன்னர் எவை வந்தன, எவை அனுப்பப்பட்டன என்ற விவரம் இருக்கும். எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை எழுதியவர் இவ்வாறு அறிந்துகொண்டார். கடற்பயணம் நின்றுபோகும் குளிர்காலத்தில் 'ஃபைஜ்' எனப்பட்ட கூலித் தூதர்கள் தரைவழியே நடந்தனர். ஆனால் ஒவ்வொரு படிக்கும் காகிதமும் எழுத்துவேலையும் வேண்டும். பாதுகாப்பைப் பெருக்கினால் செலவும் பெருகிற்று.

அரசின் 'பரீத்' அஞ்சல் இதைவிட விரைவானதே. ஆனால் அது ஆள்வோருக்கு உரியது. விரைவின் இரகசியத்தை நாம் இப்னு பதூதாவிடம் காண்கிறோம். கி.பி. 1333இல் சிந்து நதிக்கரையை அடைந்த அவர், அங்கிருந்து டில்லிக்கு ஐம்பது நாள் பயணம் என்றும், ஒற்றர் மடலோ ஐந்தே நாளில் சுல்தானை அடைகிறது என்றும் எழுதுகிறார். குதிரை அஞ்சலைவிடக் கால்நடை அஞ்சல் விரைவானது என்ற அவர் கூற்று வியப்பளிக்கிறது. காரணம், ஒரு மைலுக்குள் மூன்று நிலைகள் இருந்தன. எவரும் களைப்படையும் வரை ஓடவேண்டியதில்லை. ஓடுபவர் ஒரு கையில் மடலும் மறு கையில் மணிகள் கட்டிய கோலும் ஏந்துவார். மணியோசை கேட்ட அடுத்தவர் ஆயத்தமாகி நிற்பார். மடலுக்கு முன்பாக அறிவிப்பு சென்றது.

2009இல் இயங்கத் தொடங்கிய பிட்காயின் வலையமைப்பிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஒரு கணினி புதிய பரிமாற்றத்தின் அடையாளத்தை முதலில் அண்டைக் கணினிகளுக்கு அறிவிக்கிறது. இல்லாதவை மட்டும் முழுச்செய்தியைக் கேட்டுப் பெறுகின்றன. 2016இல் வந்த சுருக்கத் தொகுதி முறை, அண்டையிடம் ஏற்கனவே உள்ளவற்றை மீண்டும் அனுப்பாமல் குறுகிய அடையாளங்களை மட்டும் அனுப்புகிறது. மணிக்கோலிலிருந்து இது பிறந்தது என்று பெருமை பேச நாம் முற்படவில்லை. ('செக்' என்ற சொல் 'ஸக்கு' என்ற அரபுச் சொல்லின் வாரிசே என்று நம்மவர் உறுதியாக எழுதுவதும் இத்தகையதே, மொழியறிஞர் அதில் ஒருமித்த கருத்துடையோர் அல்லர்.) அந்நாணயம் ஆகுமா ஆகாதா என்னும் மார்க்க விவாதத்துக்குள்ளும் நாம் புகவில்லை.

வேறுபாடுதான் முக்கியமானது. பிட்காயினில் எவரும் எவரையும் நம்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு பரிமாற்றமும் எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும். ஹவாலாவில் இருவர் அறிந்தால் போதும். மற்ற அனைவருக்கும் அனுப்பவேண்டிய செய்தியின் இடத்தில் அமானிதம் நின்றது. செய்தி குறைந்ததற்குக் கருவி அன்று, நம்பிக்கையே காரணம். அதனால்தான் நம்பிக்கை முறிந்தபோது வழக்குரைக்க ஏடும் குறைவாகவே இருந்தது.

2001 நவம்பரில் சோமாலியரின் அல்பரகாத் நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியபோது, வெளிநாட்டு உழைப்பை நம்பியிருந்த குடும்பங்களின் பணவரவு தடைப்பட்டது. அந்நிறுவனம் பயங்கரவாதத்துக்கு நிதியளித்ததை மெய்ப்பிக்க இயலவில்லை என்று அமெரிக்க விசாரணைக் குழுவின் ஊழியர் அறிக்கை 2004இல் தெரிவித்தது. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி ஹவாலா சட்டவிரோதமே. அச்சட்டத்தை மீறுமாறு நாம் கூறவில்லை. ஆயினும் 'உண்டியல்' என்ற நம் சொல்லுக்கு அகராதியில் இரு பொருள் உண்டு: காசு சேர்க்கும் பெட்டி ஒன்று, வணிகர் எழுதித் தந்த பணமாற்றுச் சீட்டு மற்றொன்று. இரண்டாவது பொருளை இன்று நம் பிள்ளைகள் காவல்துறைச் செய்திகளில் மட்டுமே சந்திக்கின்றனர்.