சிவப்புக் காற்சட்டை

ஐரோப்பாவிலே பழைய போர்களை அந்தக் காலத்து உடையணிந்து மீள நடித்துக் காட்டும் சங்கங்கள் பல உண்டு. அவற்றின் உறுப்பினருக்கும், படைப்பொருள் சேகரிப்போருக்கும் பழைய சீருடைகளைப் பார்த்துப் புதிதாகத் தைத்து விற்போரும் உளர். அவ்வாறு தைக்கப்படுவனவற்றுள் ஒன்று, 1914 இல் பிரெஞ்சுக் காலாட்படையினர் அணிந்து சென்ற சிவப்புக் கம்பளிக் காற்சட்டை. இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்க என்னால் இயலவில்லை.

பிரெஞ்சுப் படை இச்சிவப்பை ஏற்றது 1829 இல். சாயம் தந்தது நம் மஞ்சிட்டிக்கு இனமான ஒரு செடியின் வேர். தென் பிரான்சின் உழவர் அதனைப் பயிரிட்டு வாழ்ந்தனர். அவ்வேரில் நிறம் தரும் பொருள் அலிசரின். ஒல்லாந்தர் ஆட்சியில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்ட சாயவேரிலும் உள்ளது அதுவே. 1868 இல் கிறேப, லீபர்மான் என்னும் ஜேர்மன் இரசாயனவியலாளர் இருவர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டனர். மலிவான அச்சாயத்தின் முன் வேர்ப்பயிர் நசிந்தது. ஈற்றில், பிரெஞ்சு வீரனின் காற்சட்டைக்குச் சாயம் ஜேர்மனியிலிருந்தே வரலாயிற்று!

பிரித்தானியர் 1902 இல் காக்கிக்கு மாறினர். ஜேர்மனியரும் சில ஆண்டுகளில் சாம்பல் நிறத்துக்கு மாறினர். பிரான்சிலும் மெசிமி என்னும் போர் அமைச்சர் மங்கிய நிறமொன்றைக் கொணர முயன்றார். எதிர்ப்புப் பலமாயிருந்தது. சிவப்புக் காற்சட்டையே பிரான்ஸ் என்று முழங்கினார் எதியென் என்னும் அரசியல்வாதி. 1914 யூலையிலேதான் புதிய துணிக்கு அனுமதி கிடைத்தது. நீலம், வெள்ளை, சிவப்பு இழைகளைக் கலந்து நெய்வதே திட்டம். போர் மூண்டதும் ஜேர்மன் சாயம் நின்றது. சிவப்பிழை போக, எஞ்சியது வெளிர் நீலம். அத்துணி படைக்கு வந்து சேருமுன்னரே, ஆகஸ்ட் 22 ஆம் நாள் ஒன்றில் மாத்திரம் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர் மடிந்தனர். கொன்றவை பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளுமே. ஆயினும் அவர்களைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்ததில் அந்தச் சிவப்புக்கும் பங்குண்டு.

ஆகவே, இன்று அதனைப் பிரதி செய்பவர் கையில் ஒரு பொறுப்பு இருக்கிறது. தமிழ் கற்பிக்கும் எனக்கு ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர் நினைவுக்கு வருகின்றனர். மூலத்தைப் பார்த்தெழுதியவர் பலர், ஈற்றில் எழுதிமுடித்த நாளையும் தம் பெயரையும் பொறித்து வைத்தனர். காற்சட்டையின் உட்புறத்திலும் இன்று தைத்தவர் பெயரும் ஆண்டும் இருத்தல் வேண்டும். அங்கே பழைய படை முத்திரையைப் போலியாகப் பதித்துவிட்டால், சில காலம் உடுத்தித் துவைத்தபின் அது மூலமென்றே விலைபோகும். பின்னர் அதனைச் சான்றாகக் கொண்டு எழுதப்படும் வரலாறும் பொய்யாகும். நிறத்தையும் தையலையும் எவ்வளவு நுணுக்கமாகவும் பின்பற்றட்டும். மடிந்தவனின் ஆண்டை மாத்திரம் தன் கைவேலைக்குச் சூட்டாதிருக்கட்டும்.