பசியும் இடமும்: முந்திரிக்காட்டில் உயிரிரக்கத்தின் எல்லை

பண்ருட்டி வட்டத்து முத்தாண்டிக்குப்பத்தில் சரணாலயம் எதுவும் இல்லை. செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள், ஊடே பலா, ஓரங்களில் பனை. ஒவ்வொரு மரத்துக்கும் உரிமையாளர் உண்டு. ஆயினும் மயில், கீரி, முயல், மரநாய், ஆந்தை, சாரைப்பாம்பு ஆகியவற்றுக்கு இந்தப் பட்டா நிலமே காடு. அருகில் நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கங்கள், சற்றுத் தள்ளி வள்ளலாரின் வடலூர். காட்டுயிர்ப் பாதுகாப்பு குறித்த தமிழ் எழுத்து முதுமலையையும் ஆனைமலையையும் சுற்றியே வருகிறது. உழைக்கும் நிலத்தில் வாழும் விலங்குகளை எப்படிக் காப்பது என்ற கேள்வியை முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களில்தான் கேட்க வேண்டும்.

வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், ஜீவகாருண்யத்தின் முதன்மைச் செயலாகப் பசி நீக்குதலையே வைத்தார். ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியை ஆற்றுவது ஜீவகாருண்யம் ஆகாது என்றும் வகுத்தார். இந்த வட்டாரத்தில் உயிர்களைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிட ஆழமான அறமொழி வேறில்லை. ஆனால் அது கண்முன் நிற்கும் தனி உயிரைப் பார்த்துப் பேசுகிறது. சூழலியல் பார்ப்பதோ வாழிடத்தை. ஆந்தை எலியைத் தின்னத்தான் செய்யும். அதில் மனிதருக்குப் பழி இல்லை. ஆந்தை தங்கிய பொந்து மரத்தை வெட்டினால், ஒரு துளி இரத்தம் சிந்தாமல் ஒரு குடும்பமே பட்டினி கிடக்கும். பசி நீக்கும் அறம் இந்தப் பட்டினியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வள்ளலாரின் கருத்தை இது மீறவில்லை. அவர் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு அடி முன்னே வைக்கிறது.

அந்த அடியை எடுத்து வைக்க விவசாயிக்குச் சொந்தக் காரணங்களும் உண்டு. முந்திரியின் பெரும்பகைகளில் ஒன்று தேயிலைக் கொசு எனப்படும் பூச்சி. இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாற்றை உறிஞ்சி, காய்ப்பதற்கு முன்பே கிளையைக் கருக வைத்துவிடும். இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்புகள் அதை விரட்டுகின்றன. வட ஆஸ்திரேலிய முந்திரித் தோட்டங்களில் இந்த எறும்பினத்தைக் கொண்டே பூச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கொட்டை பொறுக்குகிறவரை எறும்பு கடிக்கும் என்பது உண்மைதான். மருந்தடித்தால் எறும்பும் சாகிறது, மகரந்தம் சேர்க்கும் தேனீயும் ஈயும் சாகின்றன. கொசு மட்டும் அடுத்த தளிருக்குத் திரும்பி வருகிறது. மருந்தை நம்பிய முந்திரியின் கதை எங்கே முடியும் என்பதற்குக் காசர்கோடு சாட்சி. அங்கே 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தபோது ஒரு தலைமுறையே நோயில் கிடந்தது.

பழந்தின்னி வௌவாலும் இங்கே பேசப்பட வேண்டியது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதை எலி, காகம் ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. அதாவது யார் வேண்டுமானாலும் கொல்லலாம். விதை பரப்பும், இரவில் பூக்கும் மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் ஓர் உயிருக்கு அரை நூற்றாண்டு நீடித்த அநீதி இது. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. சட்டம் திருந்திவிட்டது, தோப்பில் பட்டாசு கொளுத்தி வௌவாலை விரட்டும் பழக்கம் திருந்த இன்னும் காலமாகும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டிய பறவைகளுக்காகத் தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. ஆக, இப்படியொரு கட்டுப்பாடு தமிழகக் கிராமத்துக்குப் புதிதும் இல்லை, பாரமும் இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மக்கள் இழந்த வருமானத்தைப் பற்றி நிறையவே பேசினார்கள், அது நியாயம். விழுந்த முதிய மரங்களின் பொந்துகளில் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் வாழ்ந்தன என்பதை யாரும் பேசவில்லை. பின்னர் ஒட்டுக்கன்றுகளை நட்டார்கள். விருத்தாசலம் ஆய்வு நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்கள் நன்றாகவே காய்க்கின்றன. ஆனால் கவாத்து செய்யப்படும் இளமரத்தில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். கொட்டை பொறுக்க வசதியாக மரத்தடியைச் சுத்தம் செய்வது பழைய வழக்கம். அந்த வேலைக்குக் களைக்கொல்லி வந்துவிட்டால் முயலுக்குப் புதரும் இல்லை, கீரிக்கு இரையும் இல்லை.

எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். விதைத்த மணிலாவை மயில் கிளறித் தின்கிறது. காட்டுப்பன்றி ஒரே இரவில் மரவள்ளிக் கொல்லையைப் புரட்டிப் போடுகிறது. வயிற்றெரிச்சலில் நஞ்சு வைக்கிறவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1963 முதல் மயில் தேசியப் பறவை; வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதன் தீனிச் செலவை மட்டும் ஏன் மூன்று ஏக்கர்க்காரர் ஒருவரே சுமக்க வேண்டும்? நாட்டின் பெருமை என்றால் செலவும் நாட்டினுடையதே. சேதம் நடந்த சில நாட்களுக்குள், வருவாய் அலுவலகத்துக்குப் பலமுறை அலைய விடாமல், இழப்பீடு கைக்கு வர வேண்டும். நஞ்சைத் தடுக்க அதைவிடச் சிறந்த காவல் இல்லை. நரி குறைந்ததால்தான் மயில் பெருகியது என்று விவசாயிகள் சொல்வதுண்டு. மயிலின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் உயிர் குறைந்தால் மயில் கூடுவது இயல்பே. அவர்களின் இந்தக் கூற்றை ஆய்வாளர்கள் முறையாகச் சோதிக்க வேண்டும்.

இனிச் சுரங்கம். 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி., 1957-இல் தோண்டத் தொடங்கியது. 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மேல்மண்ணை முழுதாக அகற்றினால்தான் பழுப்பு நிலக்கரியை எடுக்க முடியும் என்பதால், அங்கே வாழிடம் சிதைவதோடு நிற்பதில்லை, அடியோடு பெயர்கிறது. நிலம் கொடுத்தவருக்குச் சட்டம் இழப்பீடு சொல்கிறது. மரத்துக்கும் விலை போடுகிறது. அந்த இழப்பீடும் விலையும் போதவில்லை என்ற மக்களின் போராட்டம் நீண்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியபோது மாநிலமே அதிர்ந்தது. மரத்துக்கு விலை போட்ட அதே தாளில், மரத்தில் இருந்த கூட்டுக்கு ஒரு வரிகூட இல்லை.

சுரங்கத்தில் அகற்றிய மண்ணைக் குவித்த மேடுகளில் மரக்கன்று நடுவதைப் பசுமைப் பணியாக முன்வைக்கிறார்கள். நட்டது நல்லதே. ஆனால் கன்றுகளின் எண்ணிக்கை காட்டுயிர்க் கணக்கு ஆகாது. ஒரே இன மரங்கள் வரிசையாக நிற்கும் மேட்டில் எந்தப் பறவை முட்டையிட்டது, எந்தப் பாம்பு தங்கியது என்பதைத்தான் ஆண்டுதோறும் எண்ண வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் செல்கிறது; வயலோடு நீர்ப்பறவைகளும் அதை நம்புகின்றன. இறைப்பு நிற்கும் நாளில் அந்த ஏரிகளின் கதி என்ன என்பது சுரங்க மூடல் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய கேள்வி.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் அதைக் கொட்டை பொறுக்கும் பெண்களிடமிருந்து தொடங்கலாம். எந்த மரத்தில் பொந்து, எந்த ஓடையோரம் புதர், எந்தப் பனையில் தூக்கணாங்குருவி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தோப்புக்குச் சில பழைய மரங்களை வெட்டாமல் விடவும், ஓடைக்கரைப் புதரை அழிக்காமல் விடவும் ஒப்புக்கொள்கிறவருக்கு ஆண்டுக்கு ஒரு தொகை கொடுக்கலாம். சுரங்க நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து அதைக் கொடுப்பது பொருத்தம். அந்தப் பதிவேட்டை, அடுத்த நில எடுப்புக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டோடு ஆவணமாகவே இணைக்கும்படி கிராம சபை தீர்மானம் போடலாம்.